ஒருவரும் சாகாத தாலின்

தம்பி,

நான் சுகம், உன் சுகத்தை அறிய ஆவல் என்றுதான் எல்லாரும் கடிதம் தொடங்குவார்கள். அந்த முதல் வரியை எழுத ஏலாமல் போனதால்தான் இந்தக் கடிதமே எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் நீ இடையிலே புகுந்து, "அது ஒண்டுமில்லை அம்மா, நான் கதைக்கிறன், நீங்கள் யோசிக்காதேங்கோ" என்பாய். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள்தான். ஆனால் எழுதினால் இடையிலே ஒருவரும் புக முடியாது என்பது தெரிகிற அளவுக்குப் படித்திருக்கிறேன். எழுத்துப்பிழை கண்டால் சிரி. நீ வாய்விட்டுச் சிரித்துக் கனநாளாகிறது.

விசயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை டொக்டரிடம் போகிறோம். அதற்காக நீ வேலை செய்கிற பேர்கனிலிருந்து வருகிறாய். கட்டாயம் வா. ஆனால் எனக்கு மொழிபெயர்க்க வராதே. இந்த நோர்வே நாட்டில் தொல்க் என்று சொல்வார்களே, மொழிபெயர்க்கிற ஆள், அப்படி ஒருவரை ஆஸ்பத்திரியே ஒழுங்குபண்ணுகிறது. நான்தான் கேட்டேன். கோபிக்காதே. எனக்கு என்ன வருத்தம் என்று எனக்குத் தெரியும். நீ என்னைத் தாலின் நகரம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனபோதே தெரியும். அங்கே வைத்துச் சொல்வோம் என்றுதான் வந்தேன். நாலு நாளும் வாயைத் திறந்து வேறு எல்லாம் கதைத்தேன், அதை மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை, இப்போது ஏன் சொல்கிறேன் என்பதுதான் மிச்சக் கடிதம். இது உனக்கு எழுதியது. ஆனால் ஸ்டோவ்னரில் எங்கள் கட்டடத்திலேயே உன்னைப்போல எத்தனையோ பிள்ளைகள் தாய் தகப்பனுக்குத் தொல்க்காக வளர்ந்தவர்கள். அவர்கள் கண்ணில் பட்டாலும் குற்றமில்லை என்று எழுதுகிறேன்.

நீ எப்போது தொல்க் ஆனாய் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. கடையில் சீனியையும் உப்பையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த நாளிலிருந்தே ஆகிவிட்டாய். மொழி வகுப்புக்கு என்னையும் அனுப்பினார்கள். நான் போனேன், இருந்தேன், வந்தேன். பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலைக்கு அவ்வளவு போதும் என்று நினைத்துவிட்டேன். உன் வகுப்பு ரீச்சர் பெற்றோரைக் கூப்பிட்டுக் கதைக்கிற நாளில் அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் நீ. ரீச்சர் மூச்சு விடாமல் கதைப்பார். கையைக் கையை ஆட்டுவார். உன் கொப்பியைத் திறந்து காட்டுவார், அதில் ஒன்றும் எழுதியிருக்காது. எல்லாம் முடிய நீ எங்கள் பக்கம் திரும்பி, "நல்ல பிள்ளையாம்" என்பாய். "இவ்வளவு நேரம் கதைச்சவா, அவ்வளவுதானோ?" என்று அப்பா கேட்பார். "நோர்வேஜியன் மொழி நீளம் அப்பா" என்பாய். நான் அதை நம்பி அடுத்த நாள் அந்த ரீச்சருக்கு ஒரு பெட்டி நிறைய பற்றீஸ் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த மனுசி பெட்டியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பிறகும் பெட்டியைப் பார்த்தது. உன்னைப் பற்றி முறைப்பாடு சொன்ன கையோடு பற்றீஸ் வாங்கிய ரீச்சர் நோர்வேயில் வேறு ஒருவரும் இருக்க மாட்டார்.

இதை நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். உன் கூட்டாளிகளுக்கும் சொல்லி உன் மானத்தை வாங்கியிருக்கிறேன். மற்றதை ஒருவருக்கும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன், நீ இருந்து வாசி.

அப்பாவுக்கு நெஞ்சுநோ வந்த வருசம் உனக்கு மீசைகூட அரும்பவில்லை. அன்றைக்கும் அதேபோல ஒரு அறை. அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் நீ. அந்த டொக்டர் கெட்டவர் இல்லை, பொறுமையாகக் கதைத்தார். கதைக்கக் கதைக்க அவருடைய தலை குனிந்துகொண்டே போனது. உன்னுடைய முகம் சுண்ணாம்பு பூசினமாதிரி வெளுத்தது. நீ கொஞ்ச நேரம் காலில் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்தாய். பிறகு எங்களைப் பார்த்து, "உப்பைக் குறைக்கட்டாம்" என்றாய்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உப்பில்லாத சமையல். நான் உப்புப் போத்தலை அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்தேன். அப்பாவும் பச்சைத் தண்ணீர் மாதிரிக் குழம்பை விட்டுக் குழைத்துச் சாப்பிட்டார். ஒரு நாள் நீ பள்ளிக்கூடம் போன பிறகு சொன்னார்: "இஞ்சேரும், உப்புக்காக ஒரு டொக்டர் இப்பிடித் தலையைக் குனிஞ்சுகொண்டு கதைப்பாரோ?" நான் அகப்பையை வைத்துவிட்டு அவருக்கு முன்னால் வந்து இருந்தேன். "அப்ப தம்பி?" என்று கேட்டேன். "அவன் சின்னப்பிள்ளை. அவனாலை சொல்ல ஏலாததை அவன் சொல்லேல்லை. நாங்கள் கேக்கவும் கூடாது. விடும்" என்றார். அதற்குப் பிறகு உன் முன்னால் உட்கார்ந்து, "நல்ல சுகமாயிருக்கு, உப்பைக் குறைச்சது நல்லதாய்ப் போச்சு" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார். நீ அவரையே பார்த்துக்கொண்டிருப்பாய். நான் உங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் கோப்பை கழுவிக்கொண்டிருப்பேன். நல்ல நாடகம். மூன்று பேரும் நன்றாக நடித்தோம். ஆனால் தம்பி, நாடகம் நடிக்கிறவர்கள் ஒருவரோடு ஒருவர் கதைக்க முடியாது, எழுதிக் கொடுத்ததைத்தான் கதைக்கலாம். அவர் போகும் மட்டும் நாங்கள் உப்பைப் பற்றியே கதைத்தோம். எனக்கு அவரிடம் கேட்க வேறு எவ்வளவோ இருந்தது. அவருக்கு உன்னிடம் சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும்.

செத்தவீட்டுக்கு வந்த சனமெல்லாம் எழும்பிப் போன பிறகு நீ என்னிடம் வந்து கேட்டாய்: "அம்மா, நீங்கள் உப்பைக் குறைச்சனீங்கள்தானே?" அந்தக் கேள்வியை நான் இன்றுவரை வைத்திருக்கிறேன். நீ சொன்ன பொய்யை நீயே நம்பத் தொடங்கியிருந்தாய். "ஓம் ராசா, குறைச்சனான்" என்றேன். வேறு என்ன சொல்ல? இப்போது சொல்கிறேன், அப்பாவுக்குத் தெரியும். நீ அவரை ஏமாற்றவில்லை. அவர் எல்லாம் தெரிந்துகொண்டுதான் உன்னுடைய கையைப் பிடித்துக்கொண்டு போனார். இவ்வளவு வருசமும் நீ ஆஸ்பத்திரி வாசலைக் கண்டாலே நெற்றி வேர்ப்பாயே, அதை இனி இறக்கி வை.

இனி என்னுடைய கதை. என் வயிற்றை ஸ்கான் பண்ணிப் பார்த்துவிட்டு டொக்டர் கூப்பிட்ட அன்று தொல்க் வேண்டுமா என்று கேட்டார்கள். நீ வேலையை அப்படியே போட்டுவிட்டுப் பேர்கனிலிருந்து ஓடி வந்து, "நான் இருக்கிறன்தானே" என்றாய். எனக்கும் பெருமை. இப்போதைய டொக்டர் ஒரு இளம் பெண், என்னுடைய கையைத் தொட்டுத் தொட்டுக் கதைத்தாள். நீ அவளிடம் கேள்வி கேட்டாய், அவள் பதில் சொன்னாள், நீ திரும்பக் கேட்டாய். பிறகு என்னைப் பார்த்து, "சின்னக் கட்டியாம் அம்மா. குளிசையோடை கரைஞ்சிடுமாம். நல்லாச் சாப்பிடட்டாம்" என்றாய். நான் உன்னுடைய முகத்தைப் பார்க்கவில்லை, சப்பாத்தைப் பார்த்தேன். பெரிய சப்பாத்து. ஆனால் அதே மாதிரி உள்ளே திரும்பி நின்றது.

நீ பேர்கனுக்குத் திரும்பின கிழமையே ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாதி போன் எடுத்தாள். இனிச் செய்கிற சிகிச்சை பற்றிக் கதைக்க வேண்டும், வா, தொல்க் இருக்கும் என்றாள். அவ்வளவும் எனக்கு விளங்கியது. உனக்குச் சொல்லாமல் தனியாகப் போனேன். தொல்க் நேரில் இல்லை, மேசையில் வைத்த போனுக்குள்ளே இருந்தாள். தமிழ்நாட்டுப் பிள்ளை. "வணக்கம்மா" என்று அவள் சொன்ன குரலில் சீனி கொட்டியது. டொக்டர் கதைத்தாள். பிறகு அந்தப் பிள்ளை சொன்னாள்: "இதைச் சொல்றதுக்கு டாக்டர் ரொம்ப வருத்தப்படுறாங்கம்மா."

உனக்குத் தெரியும், நாங்கள் வருத்தம் என்றால் நோயைத்தான் சொல்வோம். எனக்கு வந்த கவலை, ஐயோ, இந்த இளம் பிள்ளைக்கு என்ன வந்தது என்று. "டொக்டருக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டேன். "உங்களை நெனைச்சுத்தாம்மா வருத்தம்" என்றாள். "என்னாலை அவவுக்கு வருத்தமோ? இது தொத்துமோ?" என்று நான் பதறினேன். "இல்லம்மா, உங்களுக்கு வருத்தம் இருக்கும், அது நேச்சுரல், அழணும்னா அழுங்க" என்றாள். "எனக்கு வருத்தம் இருக்கெண்டு தெரிஞ்சுதானே பிள்ளை இஞ்சை வந்தனான், என்ன வருத்தம் எண்டு சொல்லன்" என்றேன். டொக்டர் எங்கள் இரண்டு பேரின் சத்தத்தையும் மாறி மாறிக் கேட்டுப் பயந்துபோய் இருந்தாள். கடைசியில் அந்தப் பிள்ளைக்கு விளங்கிவிட்டது. அவள் ஒரு மூச்சு விட்டுச் சொன்னாள்: "அம்மா, நீங்க நோயைச் சொல்றீங்க. நான் கவலையைச் சொன்னேன்." பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். புற்றுநோய். ஈரல் வரை போய்விட்டது. மாற்ற முடியாது. மருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம். எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது. ஒரு சொல்லையும் அவள் விழுங்கவில்லை, கூட்டவும் இல்லை. நான் கேட்டேன், "அண்டைக்கும் இதைத்தானோ டொக்டர் சொன்னவா?" டொக்டர் ஓம் என்று தலையாட்டினாள். அதற்குத் தொல்க் தேவைப்படவில்லை.

சுரங்க ரயிலில் திரும்பி வரும்போது அந்த இரண்டு வருத்தத்தையும் நினைத்துச் சிரித்தேன். எதிரில் இருந்த மனுசர் என்னைப் பார்த்துத் தானும் சிரித்தார். ஸ்டோவ்னரில் இறங்கி வீட்டுக்கு ஏறுகிற படிக்கட்டில்தான் அழுகை வந்தது. அன்று பின்னேரமே நீ போன் எடுத்தாய். "அம்மா, தாலினுக்கு ரிக்கற் போட்டிட்டன். எஸ்தோனியாவின்ரை தலைநகரம். பழைய காலத்துக் கோட்டை, கோபுரம் எல்லாம் இருக்கு. உங்களுக்கு நல்லாப் பிடிக்கும்" என்றாய். இங்கே நகரத்துக்குள்ளேயே இருக்கிற குறொன்லாண்டுக் கடைத்தெருவைத் தாண்டிப் போகிற அலுப்புக்கே முறைப்பாடு சொல்கிற அம்மாவுக்குக் கோட்டை பிடிக்கும் என்று உனக்கு யார் சொன்னது? "என்னடா திடீரெண்டு?" என்று கேட்டேன். "மலிவாய்க் கிடைச்சது" என்றாய். சரி, நீ சொல்லுவாய் என்று நினைத்தேன். அங்கே போய், இரண்டு பேரும் தனியாக இருக்கிறபோது, நீயே சொல்லுவாய். இல்லாவிட்டால் நான் சொல்லுவேன்.

வடிவான ஊர் தம்பி, அதில் குறை சொல்ல மாட்டேன். மதில்கள், தொப்பி போட்ட கோபுரங்கள், கால் வழுக்குகிற கல் வீதி. நீ எனக்கென்று ஒரு கூட்டத்தோடு சுற்றிக் காட்டுகிற பெண்ணை ஒழுங்குபண்ணியிருந்தாய். அவள் ஒரு மஞ்சள் குடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள், நாங்கள் தாராக் குஞ்சுகள் மாதிரி பின்னால். அவள் இங்கிலீசில் சொல்ல நீ என் காதுக்குள்ளே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாய். வெகுகாலத்துக்குப் பிறகு நீ என்னோடு அவ்வளவு கதைத்தாய். வானத்தைக் குத்துகிற ஒரு தேவாலயக் கோபுரத்தைக் காட்டி, "எங்கடை நோர்வே ராசா ஒருத்தற்றை பேர்தான் இதுக்கு" என்றாய். அதைக் கட்டினவருக்கு ஊர்ச்சனம் பொன்னாடை போர்த்தி, அவர் பேரப்பிள்ளை கண்டு சந்தோசமாய் இருந்தாராம். குடைக்காரி அப்போது ஒரு கையை மேலே தூக்கிப் பொத்தென்று கீழே போட்டாளே, அது என்ன என்று நான் கேட்கவில்லை.

நகரசபைக் கட்டடத்துக்கு முன்னால் இருந்த பெரிய சதுக்கத்தில் பசித்தது. நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய ஐஸ்கிறீம் பெட்டியைத் திறந்தேன். புட்டும் முட்டைப்பொரியலும். "அம்மா, இஞ்சை கடை இருக்கு" என்று நீ வெட்கப்பட்டாய். "கடையிலை உன்ரை அம்மா இருக்கிறாவோ?" என்று கேட்டு உன் வாய்க்குள்ளும் ஒரு கவளம் வைத்தேன். அந்த நேரம் பார்த்துக் குடைக்காரி நிலத்தில் பதித்திருந்த இரண்டு நீளக் கல்லைக் காட்டி ஏதோ சொன்னாள். கூட்டம் ஓ என்றது. நீ புட்டை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாய்: "இதிலை முந்தி முட்டைப்பொரியல் போட்டி நடந்ததாம். வெண்ட ஆளுக்கு ராசா மோதிரம் குடுத்தவராம்." நான் என் பொரியலைத் தூக்கிக் காட்டினேன், "அப்ப எனக்கும் ஒண்டு வாங்கித் தா." கூட்டத்தில் இருந்த நோர்வேக்கார மனுசி ஒருத்தி எங்கள் பெட்டியைப் பார்த்துக் கெக்கட்டம் விட்டுச் சிரித்தது. நீ தண்ணீர் வாங்கப் போன நேரம் அந்த மனுசி என் பக்கத்தில் வந்து, எனக்கு விளங்கும்படி நோர்வேஜியனில் ஒவ்வொரு சொல்லாக ஆறுதலாகக் கதைத்தது. ஒரு பாதிரியார் சாப்பிடப் போனாராம். முட்டைப்பொரியல் சப்பாத்து அடி மாதிரி இருந்ததாம். கோபத்தில் பரிமாறினவளைக் கொன்றுவிட்டாராம். பிறகு அந்தக் கல்லடியில் அவருடைய தலையையும் எடுத்தார்களாம். தன் கழுத்தில் கையை வைத்து இழுத்துக் காட்டியது. கோபுரத்தைக் கட்டினவர் உச்சியிலிருந்து விழுந்து செத்ததாகத்தான் கதை என்றும் சொன்னது.

நீ தண்ணீரோடு வந்தாய். நான் போத்தலை வாங்கிக் குடித்தேன். அதற்குப் பிறகு நீ சொன்னதையெல்லாம் வேறு காதால் கேட்டேன். கொள்ளைநோய் வந்ததாக அந்த மனுசி எனக்கு மெல்லச் சொன்ன தெருவில் நீ எனக்குத் திருவிழா வைத்தாய். சிறைக்கூடக் கோபுரத்தில் இனிப்புக்கடை போட்டாய். நீ எனக்குக் காட்டிய தாலினில் ஒருவரும் சாகவில்லை, தம்பி. எத்தனை நூறு வருசத்து ஊர், ஒருவர்கூடச் சாகவில்லை. ஒரு வருத்தமும் வரவில்லை. அப்படி ஒரு ஊரை உன்னுடைய வாயாலேயே எனக்குக் கட்டித் தந்தாய். நெற்றியில் வேர்வை ஓடியது உனக்கு, அந்தக் குளிரிலும். அதைப் பார்த்த பிறகு நான் எப்படிச் சொல்வது?

கடைசியாக ஒரு பழைய தேவாலயத்துக்குப் போனோம். இப்போது அது காட்சிச்சாலை என்று நீ சொல்லும் முதலே நான் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். ரிக்கற் கொடுத்த பொடியன் என் காலுறையைப் பார்த்துத் திகைத்து நின்றான். "பழக்கதோசம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அங்கே ஒரு சுவர் நீளத்துக்குத் துணியில் வரைந்த படம். ஒரு எலும்புக்கூடு குந்தியிருந்து குழல் ஊதுகிறது. இன்னொன்று சவப்பெட்டியைத் தோளில் வைத்திருக்கிறது. மற்ற எலும்புக்கூடுகள் ஒரு கையால் பாப்பரசரையும் மறுகையால் ராசாவையும் ராசாத்தியையும் பிடித்துக்கொண்டு வரிசையாய் ஆடுகின்றன. குடைக்காரி மெதுவாகக் கதைத்தாள். நான் உன்னைப் பார்த்தேன். நீ படத்தைப் பார்த்தாய்.

"கலியாணவீடு அம்மா" என்றாய்.

"எலும்புக்கூடு நிக்குதே ராசா."

"அது... அந்தக் காலத்து உடுப்பு. வேசம் போட்டு ஆடுறது."

"தோளிலை பெட்டி?"

"சீதனம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மேளகாரர் நல்லாத்தான் மெலிஞ்சு போனார், சாப்பாடு குடுக்கேல்லைப் போலை" என்றேன். நீயும் சிரித்தாய், அது சிரிப்பு மாதிரி இல்லை. நான் அந்த ராசாத்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பட்டு உடுத்து, நகை போட்டு நிற்கிறாள். பெரிய பயம் தெரியவில்லை. கொஞ்சம் பொறு, அடுப்பை நிப்பாட்டிப்போட்டு வாறன் என்று சொல்லுகிற மாதிரி ஒரு முகம். படம் இன்னொரு ராசாவோடு முடிந்துவிட்டது. "மிச்சம் எங்கை?" என்று கேட்டேன். "மிச்சம் இல்லையாம் அம்மா. காணாமல் போச்சாம்" என்றாய். அன்று முழுவதும் நீ சரியாக மொழிபெயர்த்தது அந்த ஒன்றுதான்.

அங்கேதான் வாய்வரைக்கும் வந்தது, தம்பி எனக்குத் தெரியும் என்று. நீ "வெளியிலை நல்ல காத்து" என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு மேட்டில் ஏறினாய். மேலே நின்று பார்த்தால் சிவப்புக் கூரைகள், அதற்கப்பால் கடல். நீ ஓரமாகப் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். தோள் ஆடியது. கொஞ்சம் பொறுத்து வந்து கண்ணைத் துடைத்தாய். "என்ன, காத்துக்குக் கண்ணிலை தூசு விழுந்திட்டுதோ?" என்று கேட்டேன். "ஓம் அம்மா" என்றாய். பிறகு என்னைப் படம் எடுக்கத் தொடங்கினாய். இப்படி நில்லுங்கோ, அப்படித் திரும்புங்கோ, சிரியுங்கோ. "ஏனடா இவ்வளவு படம்?" என்றால், "வெளிச்சம் நல்ல வடிவாய் இருக்கு" என்றாய்.

அந்தப் படங்கள் எதற்கு என்று எனக்குத் தெரியாதா? அப்பாவின் மரண அறிவித்தலுக்குப் போட நல்ல படம் ஒன்று இருக்கவில்லை. விசாவுக்கு எடுத்த படத்தைத்தான் வெட்டிப் போட்டோம். பிடிபட்ட கள்ளன் மாதிரி இருந்தார் மனுசன். அதை நீ மறக்கவில்லை. சரி. நான் பெட்டியிலிருந்து புட்டு எடுத்துக்கொண்டு வாயைத் திறந்து சிரிக்கிறேனே, சதுக்கத்தில் நீ எனக்குத் தெரியாமல் எடுத்தது, அதைப் போடு. சேலை உடுத்திக்கொண்டு மாலைக்கு நிற்கிற மாதிரி நிற்கிற படத்தைப் போட்டாயோ, நான் எழும்பி வந்து சண்டை பிடிப்பேன்.

தம்பி, நீ செய்தது பிழை என்று சொல்ல இதை எழுதவில்லை. நீ என்னை ஏமாற்றவில்லை, என்னை மறைத்துக்கொண்டு நின்றாய். மழைக்குக் குடை பிடிக்கிறமாதிரி. ஆனால் அப்பாவுக்கு நடந்தது எனக்கும் வேண்டாம். உப்பைப் பற்றியே கதைத்துக்கொண்டு போய்விட எனக்கு விருப்பமில்லை. இருக்கிற நாளில் உன்னிடம் கேட்க எனக்குக் கேள்வி இருக்கிறது. பேர்கனில் ஒரு பிள்ளையோடு பழகுகிறாய் என்று கேள்விப்பட்டேன். யார் அவள், தமிழோ நோர்வேஜியனோ, எதுவென்றாலும் என்னை வந்து பார்க்கச் சொல். அவளிடம் மட்டும் தொல்க் வேலை பார்க்காதே. உனக்குப் பயம் என்றால் பயம் என்று சொல், வேலையில் கரைச்சல் என்றால் கரைச்சல் என்று சொல். நல்ல பிள்ளையாம் என்று சொல்லிக்கொண்டு திரியாதே. நீ நல்ல பிள்ளை என்பதை இனி ஒருவருக்கும் மொழிபெயர்த்துக் காட்டத் தேவையில்லை. பிறகு, என்னுடைய சேலைகளை யாருக்குக் கொடுப்பது, அப்பாவைக் கரைத்த இடத்திலேயே என்னையும் கரைப்பதோ, இதெல்லாம் கதைக்க வேண்டும். கதைத்து முடித்தால் மிச்ச நேரத்தில் பகிடி விடலாம். எனக்கு அதுதான் நன்றாக வரும்.

சிகிச்சை எடுப்பதா விடுவதா என்று, அன்று நான் யோசித்துச் சொல்கிறேன் என்று விட்டுவந்ததை, செவ்வாய்க்கிழமை டொக்டர் திரும்பக் கேட்பாள். எடுத்தால் என்ன கஷ்டம், எடுக்காவிட்டால் எவ்வளவு நாள் என்று சொல்லுவாள். அதைக் கேட்டு நான்தான் பதில் சொல்ல வேண்டும். நீ சொன்னால் நான் ஒருவரும் சாகாத ஊரில் நின்று பதில் சொல்ல வேண்டி வரும். அந்தத் தமிழ்நாட்டுப் பிள்ளையையே திரும்பவும் கேட்டிருக்கிறேன். எங்களுடைய வருத்தம் எது, அவர்களுடைய வருத்தம் எது என்று இப்போது இரண்டு பேருக்கும் பிடிபட்டுவிட்டது.

நீ நடுவில் உட்காராதே. என் பக்கத்துக் கதிரையில் இரு. டொக்டர் தலையைக் குனிந்தால் நீ உன் சப்பாத்தைப் பார்க்காதே, என்னைப் பார். அந்தப் பிள்ளை போனுக்குள்ளே இருந்து சொல்லட்டும், நீ என்னுடைய கையைப் பிடித்துக்கொண்டு சும்மா கேள். அழுகை வந்தால் அழு, தூசு என்று சொல்லாதே. முந்தி நீ சின்னப்பிள்ளை, அழ இடமில்லாமல் எங்களுக்காகக் கதைத்துக்கொண்டிருந்தாய். இந்த முறை கதைக்க வேறு ஆள் இருக்கிறது.

முடிந்து வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தின் உண்மையான கதையை எனக்குச் சொல். எலும்புக்கூடு ராசாத்தியிடம் என்ன கேட்டது, அவள் என்ன சொன்னாள், எல்லாம். விழுங்காமல் சொல்.

அன்று விமானத்தில் ஒன்றும் சாப்பிடாமல் வா. புட்டு அவித்து முட்டைப்பொரியல் போட்டு வைக்கிறேன். உப்புப் போட்டு.

அம்மா